ஆன்சீ ஊரை விசாரித்த கதை

கோயமுத்தூரின் சரித்திரத்தைச் சொல் என்றால் எனக்குப் பத்து வரி சேர்ந்தாற்போல வராது. சிறுவாணித் தண்ணீர், பஞ்சாலைகள், அதற்கப்புறம் யோசிக்க வேண்டும். ஆனால் இங்கிலாந்தின் தெற்குக் கரையில், ஒரு பெரிய நகரத்தின் ஓரமாகக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் புறநகரைப் பற்றிக் கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லிவிடுவேன். முதலில் அங்கே யாருடைய ஆடுகள் மேய்ந்தன, ரயில் வந்தபின் என்ன ஆயிற்று, எந்தத் தெருவுக்கு யாருடைய மகள் பெயர் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த ஊரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அந்த ஊரின் பெயர் நீளமானது. கடைசியில் ‘ஆன் சீ’ என்று முடியும். பெரியப்பா முன்பாதியை உச்சரித்துப் பார்த்துக் கைவிட்டார். எங்கள் வீட்டில் அது வெறும் ‘ஆன்சீ’ ஆகிப்போனது.

இதெல்லாம் தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. உக்கடத்துக் குளத்துக்குப் பின்னால் ஒரே சுவரில் சாய்ந்த இரண்டு வீடுகள் எங்களுடையவை. ஒன்றில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான என் அத்தை. மற்றதில் பெரியப்பாவும் பெரியம்மாவும். அப்பா லேத் பட்டறையில் இருந்தார். பெரியப்பா பஞ்சாலைக் குடோனில் பேல்களுக்கு, அதாவது பஞ்சுப் பொதிகளுக்கு, நம்பர் எழுதுபவர். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவர், தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். இங்கிலீஷ் யாருக்கும் வராது, அத்தையையும் என்னையும் தவிர. என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளே அத்தைதான். அப்போது நான் ஆறாம் வகுப்பு.

அத்தை நர்ஸ். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கூட இருந்த இரண்டு மலையாளப் பெண்கள் விண்ணப்பம் போட்டபோது அவளும் போட்டிருக்கிறாள், யாரிடமும் சொல்லாமல். ஆன்சீயில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்திலிருந்து வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் பதில் போட வேண்டும்.

அப்பா ஒரேயடியாக மறுத்தார். கண்காணாத சீமைக்கு ஒரு பொம்பளைப் பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்றார். இருபத்தொன்பது வயதில் அத்தை அவருக்குப் பிள்ளையாகத் தெரிந்தாள், அதே வாயால் வரன் அமையவில்லை என்று சொல்லும்போது மட்டும் வயதானவளாகத் தெரிந்தாள். பெரியப்பா போகலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

“பொண்ண அனுப்பற ஊரு. விசாரிக்கோணுமல்ல?” என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு ஊருக்குப் பெண் கொடுப்பதென்றால், பேச்சு முடிவதற்கு முன் ஆண்கள் இரண்டு பேர் போய் அந்த ஊரைப் பார்த்துவிட்டு வருவார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்து, கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்து, நாலு தெருவும் நடந்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். விசாரிப்பது பெண்ணுக்குத் தெரியக் கூடாது என்பது முறை. தெரியாத மாதிரிப் பெண் நடந்துகொள்வதும் முறைதான். தாராபுரம் பக்கம் ஒரு வரனுக்குப் பெரியப்பா இப்படிப் போய், தண்ணீர் சப்பென்று இருந்தது என்ற ஒரே காரணத்தால் திரும்பி வந்திருக்கிறார். ஆன்சீக்கு பஸ் இல்லை. ஆகவே கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று.

யாருக்கு எழுதுவது? அத்தைக்கு வேலை கொடுத்த இல்லத்துக்கே எழுதிக் கேட்கலாமே என்றாள் அம்மா. மாப்பிள்ளை நல்லவனா என்று மாப்பிள்ளையிடமே கேட்பார்களா என்று பெரியப்பா அவள் வாயை அடைத்துவிட்டார். ஒரு ஊரில் எல்லா வீட்டையும் அறிந்தவர் ஒருவர்தான். ஆன்சீ போஸ்ட்மாஸ்டருக்கு எழுது கண்ணு என்றார்.

எனக்கு இங்கிலீஷில் எழுதத் தெரிந்த ஒரே கடிதம் லீவ் லெட்டர். அதனால் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால் என்று போட்டு, காய்ச்சல் வர வேண்டிய இடத்தில் அத்தையைப் போட்டேன். முடிவில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி’ என்று எழுதிவிட்டு, ஆன்சீ போஸ்ட்மாஸ்டருக்கு நான் எப்படி மாணவியாவேன் என்று இரண்டு நாள் மனதைக் குடைந்துகொண்டிருந்தேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. என் பெண்ணின் பள்ளி டைரியில் ஒரு வரி எழுதினாலும் நாலு தரம் அடித்து எழுதுகிறேன்.

கேள்விகள் ஒன்பது. பெரியப்பா சொல்லச் சொல்ல நம்பர் போட்டு எழுதினேன். தண்ணீர் எப்படி, ஊரை யார் கட்டியது, சர்ச் இருக்கிறதா, அக்கம்பக்கம் எப்படி, பொழுது சாய்ந்தபின் பெண்பிள்ளை தனியாக நடக்கலாமா, இப்படிப் போயிற்று. எட்டு முடிந்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஒன்பதாவதைச் சொன்னார். அந்த ஊரில் ஒருத்தர் செத்தால் எத்தனை பேர் வருவார்கள்?

இதையெல்லாமா கேட்பது என்று முழித்தேன்.

“கல்யாணத்துக்குச் சோத்துக்கு வருவாங்க அம்மணி. எழவுக்கு ஆரு வர்றாங்கன்னு பாத்தாத்தான் ஊரு தெரியும். எழுது.”

ஏன் அதைக் கேட்கிறார் என்று பிற்பாடு அம்மாவிடம் கேட்டேன். எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, காரமடைப் பக்கம் ஒரே தோட்டத்தில் நாற்பது வருடம் பாடுபட்டவர். தோட்டத்துக் கோடியில் தனிச் சாளையில், ஒரு ஓலைக் குடிசையில், குடியிருந்தார்கள். அவர் இறந்தது அடைமழை நாள். உறவுக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை. தோட்டத்துக்காரர்கள் வரப்புவரை வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். தூக்குவதற்குப் பெரியப்பாவோடு சேர்த்து மூன்று பேர்தான் இருந்தார்களாம். நாலாவது தோளுக்கு, பதினான்கு வயது அப்பாவைச் செங்கல் மேல் ஏற்றி நிறுத்தி உயரத்தைச் சரி பார்த்தார்களாம். அம்மா இதைச் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டே சொன்னாள். அவள் சொன்ன மாதிரியே நானும் கேட்டுக்கொண்டேன்.

கடிதம் போயிற்று. அத்தைக்கு ஒன்றும் தெரியாது என்பது ஏற்பாடு. போஸ்ட் ஆபீசுக்கு நானும் பெரியப்பாவும் போகும்போது அவள்தான் ‘கவர்ல பசை நல்லா ஒட்டியிருக்குதா பாரு’ என்றாள்.

எனக்கு அத்தை போகக் கூடாது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தினமும் என் தலையைப் பின்னிவிடுபவள் அவள். கணக்குச் சொல்லித் தருபவள் அவள். நைட் டூட்டி முடிந்து வந்து அவள் படுக்கும்போது டெட்டால் வாசம் வரும், பக்கத்தில் போய் நானும் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்வேன். ஆன்சீ தண்ணீர் சப்பென்று இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் ரகசியமாகக் கேட்டுக்கொண்டேன். தவறு என்று தெரியும். அதனால் கடைசியில் ‘உமக்குச் சித்தமானால்’ என்று சேர்த்துக்கொண்டேன்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம், குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு அத்தை வெளியே வந்தாள். முகமெல்லாம் வியர்வை ஓடுகிறது. உடம்பில் கழுத்துவரை மூடிய அரக்கு நிறக் கம்பளி ஸ்வெட்டர். ஊட்டிக்குப் போன தோழி மூலம் வாங்கி, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். யாரும் வீட்டில் இல்லை என்று போட்டுப் பார்த்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள், அப்புறம் சிரித்தாள்.

“பெரியப்பாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு.”

சொல்லவில்லை. ஆனால் அவள் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை என்பது மட்டும் மனதில் தங்கிவிட்டது.

பதில் வருமென்று பெரியப்பாவைத் தவிர யாரும் நம்பவில்லை. இரண்டு மாதம் ஆகப்போகிறது, ஒரு வெள்ளிக்கிழமை தடித்த பழுப்பு உறை வந்து விழுந்தது. போஸ்ட்மாஸ்டர் எங்கள் கடிதத்தை அந்த ஊரில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மாவிடம் கொடுத்துவிட்டாராம். அந்த அம்மாள் நூலகத்து மாடியில் ஊர்ச் சரித்திரம் சேர்த்து வைப்பவர். ஒன்பது கேள்விக்கும் நம்பர் போட்டு, கோடு போட்ட தாளில் கையெழுத்தாகப் பதில் எழுதியிருந்தார். இத்தனை வருடத்தில் இவ்வளவு சரியான கேள்விகளை என்னிடம் யாரும் கேட்டதில்லை என்று முதல் வரியிலேயே இருந்தது. கூடவே கடற்கரையை ஒட்டி வரிசையாக வீடுகள் நிற்கும் ஒரு போட்டோ.

வாசித்துச் சொல்வதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் அகராதியும் கையுமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் முன்னாலேயே படித்து முடித்தேன். ஒன்பதாவது பதிலையும் படித்தேன். படித்ததும் என் ஜெபம் பலித்துவிட்டது என்று நினைத்தேன். அத்தை போக மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பிட்டு, எல்லோரும் எங்கள் வீட்டு முன்னறையில் கூடினார்கள். அப்பா கட்டிலில். பெரியப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் எதையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக, பதிலின் நம்பருக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, முடிந்ததும் அடுத்த நம்பருக்கு நகர்த்தினார். அத்தைக்கு ஒன்றும் தெரியாது என்பதால் அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் குழாயில் வரும், குடிக்கலாம், ஆனால் கெட்டிலில் வெள்ளையாகப் படியும் என்றிருந்தது. நம்ம போர் தண்ணியாட்ட என்றார் பெரியப்பா, பாதகமில்லை. விரல் நகர்ந்தது.

ஊரை யார் கட்டியது என்பதற்கு மட்டும் மூன்று பக்கம். நூற்றைம்பது வருடத்துக்கு முன் அங்கே ஊரே கிடையாதாம். மேட்டில் ஒரு பண்ணை, அதில் ஆடுகள், கீழே நாலைந்து மீன்பிடிக் குடிசைகள். ரயில் வந்ததும் பண்ணைக்காரரின் மகன் நிலத்தை ஒரு கட்டட முதலாளிக்கு விற்றுவிட்டான். அவர் நேர்நேராகத் தெரு போட்டு, துண்டு துண்டாக விற்று, ஐந்து தெருவுக்குத் தன் ஐந்து பெண்களின் பெயரை வைத்தார். கடைசிப் பெண்ணுக்கு இருப்பதிலேயே குறுகலான தெரு.

“அட, தோட்டத்தச் சைட் போட்டு வித்திருக்கறானுங்க!” என்று பெரியப்பா தொடையைத் தட்டினார். எங்கள் ஊரைச் சுற்றி அப்போது எல்லாத் தோட்டத்திலும் மனைக்கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆன்சீ அந்த ஒரு வரியில் அவருக்குச் சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது.

நுரையீரல் சரியில்லாதவர்களுக்குக் கடல் காற்று நல்லது என்று லண்டன் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நோயாளிகள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் நோயில்லாதவர்களும் வந்தார்கள். தெருவெல்லாம் தங்கும் விடுதிகள். காலைப் பலகாரம் முடிந்தால் விருந்தாளிகள் வெளியே போய்விட வேண்டும், சாயங்காலம்வரை உள்ளே வரக் கூடாது என்பது விடுதிக்காரம்மாக்களின் சட்டம். மழை பெய்தால் கடலோரக் கொட்டகையில் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ரொட்டி தின்பார்களாம்.

“காசு குடுத்துப்போட்டு மழைலயா உக்காருவாங்க?” என்று பெரியம்மா கேட்டாள்.

பக்கத்துப் பெரிய நகரத்துக்குப் போட்டியாகக் ஜனங்கள் உலாவக் கடலுக்குள் இரும்புப் பாலம் ஒன்று கட்டத் தொடங்கி, பாதியில் புயல் கொண்டுபோய்விட்டது. தண்ணீர் வற்றும்போது இப்போதும் அதன் இரும்புக் கால்கள் தெரியும். உலக யுத்தத்தின்போது கரை முழுக்க முள்கம்பி, சில வருடம் அந்த ஊர்க் குழந்தைகள் யாரும் கடலில் கால் நனைக்கவில்லை. யுத்தம் முடிந்து திரும்பவும் கூட்டம். அப்புறம் விமானம் மலிந்து, வெயில் தேடி ஜனங்கள் வேறு தேசம் போகத் தொடங்கினார்கள். விடுதிகள் காலியாயின. புதிதாகக் கல்யாணமாகி ஒரு வாரம் அங்கே வந்து தங்கியவர்கள், வயதான பிறகு ஞாபகம் வைத்துக்கொண்டு திரும்பி வந்து குடியேறினார்கள். விடுதிகள் முதியோர் இல்லங்களாயின. இவ்வளவு ஆன பின்னும், அந்தப் பெரிய நகரத்தோடு சேர்த்து யாராவது சொன்னால் ஆன்சீக்காரர்களுக்குக் கோபம் வருமாம். தாங்கள் தனி ஊர் என்பார்களாம்.

“சிங்காநல்லூர்க்காரன் கோயமுத்தூருக்குப் போயிட்டு வாரேன்னு சொல்றாப்புலீங்” என்றாள் அம்மா. சிங்காநல்லூர் கோயமுத்தூருக்குள்ளேயே இருப்பது. எல்லோரும் சிரித்தார்கள். சமையலறையிலும் ஒரு சிரிப்பு கேட்டது. உடனே பாத்திரச் சத்தம் பலமாயிற்று.

அதற்கப்புறம்தான் அப்பாவுக்குச் சாதகமான பதில்கள் வந்தன. சர்ச் மூன்று உண்டு, அதில் ஒன்றை இப்போது கம்பளம் விற்கும் கடையாக்கிவிட்டார்கள். நமக்கு வேதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கே இந்த வேலையா செய்கிறார்கள் என்று அப்பா எழுந்தே விட்டார். ஊரின் கிழக்குக் கோடியில் கடல் மண்ணை அரிக்கிறது, ஒருவருடைய தோட்டம் பாதி போய்விட்டது. அக்கம்பக்கத்தார் முதல் வருடம் தலையை ஆட்டுவார்கள், இரண்டாம் வருடம் மழையைப் பற்றிப் பேசுவார்கள், மூன்றாம் வருடம் ஏணி இரவல் கொடுப்பார்கள், அதற்குப் பின் சாகும்வரை விட மாட்டார்கள்.

“பேசறதுக்கே ரண்டு வருசமா? என்ற தங்கச்சிக்குப் பைத்தியம் புடிச்சுப் போயிரும்” என்றார் அப்பா.

“ஏணி குடுக்கறானல்லடா, இரு” என்றார் பெரியப்பா. ஆனால் அவர் குரலும் கொஞ்சம் தணிந்திருந்தது. தெருவில் எந்த நேரமும் பெண்கள் நடக்கலாம், நாயோடு வருபவர் யாராவது நிறுத்திப் பேச்சுக் கொடுப்பார், அதுதான் பெரிய ஆபத்து என்ற பதில்கூட அப்பாவை அசைக்கவில்லை. ஒன்பதாவதில் முடிவாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

பெரியப்பாவின் விரல் ஒன்பதுக்கு அடியில் வந்து நின்றது.

அந்தத் தாளில் இருந்தது இதுதான்: ‘பெரும்பாலும் 4. சில சமயம் 5. அவர்களில் நான் ஒருத்தி. இங்கே வருபவர்கள் தங்கள் சொந்தக்காரர்களை விட்டுவிட்டுக் கடலைத் தேடி வந்தவர்கள். உங்கள் அத்தை வந்தால் நான் போய்ப் பார்ப்பேன்.’

இரண்டு நாளாக அந்த நாலை நான் பத்திரமாக வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் போதும். நிமிர்ந்தேன். சமையலறையில் சத்தம் நின்றிருந்தது. அத்தை வாசலில் தெரியவில்லை. கதவோரத்தில் அவள் கை மட்டும் தெரிந்தது. கழுவிய டம்ளர் ஒன்று அதில் இருந்தது, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டம்ளரைக் கவிழ்க்கக்கூடத் தோன்றாமல் அவள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நானூறு பேர் வருவாங்களாம்” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று அப்போது தெரியவில்லை. அத்தை வந்தால் அந்த டீச்சரம்மா போய்ப் பார்ப்பாராம் என்பதை மட்டும் உள்ளபடி சேர்த்துச் சொன்னேன், பாவத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதற்காக.

பெரியப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி எனக்குப் பட்டது. அவருக்கு அவ்வளவு ஆச்சரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

“நானூறா?” என்றார் அப்பா. “நம்மூர்ல எம்.எல்.ஏ. செத்தாத்தான் நானூறு. ஒரு எழவுக்கு எதுக்குங்ணா அத்தன பேரு?”

“தூக்கறதுக்கு நாலு பேரு இருந்தாப் போதும்டா” என்றார் பெரியப்பா. நாலு என்ற சொல் கேட்டதும் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அப்புறம், அது எல்லோரும் சொல்லுகிற சொலவடைதானே என்று ஆறுதலாயிற்று. “மிச்சம் வர்றது ஊரோட பெருமை. நானூறு பேரு எழவுக்கு வர்ற ஊரு, இதுக்கு மேல என்ன விசாரிக்கறது? போயிட்டு வரட்டும்.”

தாள்களையெல்லாம் சேர்த்து நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்பா கேட்டபோது பத்திரமாக இருக்கட்டும் என்றார். அதன்பின் அந்தக் கடிதத்தை யாரும் பார்க்கவில்லை. போட்டோ மட்டும் எங்கள் வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் வெகுகாலம் இருந்தது.

சமையலறையில் டம்ளர் கீழே விழுந்து உருண்டது. ஒன்றும் தெரியாத அத்தை வெளியே வந்து, என்ன எல்லாரும் இப்படி உட்கார்ந்திருக்கிறீங்க, காப்பி போடட்டுமா என்று கேட்டாள்.

அவள் போன அன்று நான் அழுதேன். அந்த அழுகைக்கும் அடியில் ஒரு பயம் இருந்தது. அங்கே போனதும் முதல் வேலையாக அவளுக்கு உண்மை தெரிந்துவிடும், அது பெரியப்பா காதுக்கு வந்துவிடும், நான் பொய் சொன்னதும் வந்துவிடும். ஞாயிறுதோறும் தெருமுனைப் போன் கடைக்கு அவள் பேசுவாள். நாங்கள் எல்லோரும் வரிசையாக நிற்போம். பெரியப்பா முறை வரும்போது நான் வரிசையின் கடைசிக்கு நகர்ந்துவிடுவேன். ஏனென்றால் அவர் மாதம் ஒரு முறையாவது அதைக் கேட்டுவிடுவார்.

“அங்க எழவு கிழவு ஏதாச்சும் உண்டா அம்மணி? எத்தன பேரு வந்தாங்க?”

முதல் முறை அத்தை என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. பெரியப்பா சொன்னது கேட்டது. “அஞ்சா? உன்னோட சேத்தா? செரி செரி. நீ போனியல்ல, அது போதும்.” போனை வைத்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். நானூறு எங்கே என்று இதோ திரும்பிக் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பின் ஆறு வந்தது, ஏழு வந்தது. இல்லத்தில் யார் இறந்தாலும் அத்தை டூட்டியை மாற்றிக்கொண்டு அடக்கத்துக்குப் போனாள். தனியாகப் போகாமல் சேர்ந்து வேலை செய்த பெண்களையும் இழுத்துக்கொண்டு போனாள். டீச்சரம்மா எப்படியும் வந்துவிடுவார். நாயோடு நடக்கும் ஒருவர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வழக்கமாக வரத் தொடங்கினாராம். ஒருமுறை பதினொன்று என்று அத்தை சொன்னபோது, பெரியப்பா போன் கடைக்காரரிடமே அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். கடைக்காரர் ஏதோ நல்ல விசேஷம் என்று நினைத்துக் கை கொடுத்தார். எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. நானூறு என்று கேள்விப்பட்ட மனிதர் பதினொன்றுக்கு எப்படிச் சந்தோஷப்படுகிறார்? மறந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். பெரியவர்கள் மறந்துவிடுவார்கள், நான் தப்பித்தேன் என்று.

இப்போது என் பெண்ணுக்கு நாலு வயது. எழுத்து ஒன்றும் இன்னும் கூடி வரவில்லை. மற்ற குழந்தைகள் வார்த்தையே படிக்கிறார்களே, நான் சரியாகச் சொல்லித் தரவில்லையோ என்று எனக்குத் தினமும் ஒரு கவலை. எண்கள் மட்டும் வந்துவிட்டன. போன வாரம் அவளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளியிலிருந்து வந்த இங்கிலீஷ் சுற்றறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்தும் தெரியாத பிள்ளை, அந்த வரிகளுக்கு நடுவே விரலை நகர்த்திக்கொண்டுபோய் ஓரிடத்தில் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்து, “அம்மா, நாலு” என்றாள்.

நாலுதான். அதற்கு மேல் அந்தச் சுற்றறிக்கையைப் படிக்க முடியவில்லை.

பெரியப்பா முப்பது வருடம் பேல்மேல் எண் எழுதியவர். இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாதவர்தான். ஆனால் நம்பர் தெரியும். ஒன்பதுக்கு அடியில் இருந்த அவர் விரலுக்குப் பக்கத்திலேயே அந்த 4 இருந்தது. நான் ஆச்சரியம் என்று நினைத்த மௌனம், ஒருவர் நிதானமாக ஓர் எண்ணைப் படித்து முடிக்கும் நேரம். அந்த எண் அவருக்குப் புதிதல்ல. மழையில் அதே எண்ணிக்கையோடு ஒருமுறை நடந்தவர்.

அவர் இன்னும் இருக்கிறார். காது மந்தம். அத்தை இப்போது வீடியோவில் வருகிறாள், பின்னால் சாம்பல் நிறத்தில் கடல் தெரிகிறது, அவர் இன்னும் அதே கேள்வியைச் சத்தமாகக் கேட்கிறார். நான் அவரிடம் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நாலு பேர் வருகிற ஊருக்குத்தான் தங்கையை அனுப்புகிறோம் என்று தெரிந்தே அனுப்பியவர், போன் கடையில் நின்று மாதம் தவறாமல் விசாரித்துக்கொண்டிருந்தது நானூறை அல்ல. ஐந்தாயிற்றா என்று மட்டும்தான்.